ஊசியில் என்ன இருக்கிறது

மயக்க மருந்து கொடுத்தவரை எந்த நோயாளியும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. கத்தி பிடித்தவருக்கு மாலை உண்டு, பழக்கூடை உண்டு, பிறக்கும் பேரனுக்கு அவர் பெயரை வைப்பதும் உண்டு. நம்மைப் பற்றிக் கேட்டால், "யாரோ ஒருத்தர் தலைமாட்டில் நின்னார்" என்பதோடு சரி. இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் யாருக்காவது அதில் மனக்குறை இருந்தால் இப்போதே வேறு பக்கம் போய்விடுங்கள், நான் தப்பாக நினைக்கமாட்டேன். எனக்கே ஆரம்பத்தில் அந்தக் குறை இருந்தது. மலாக்காவில் பெண்டஹாரா சாலையில் ஜவுளிக்கடை வைத்திருந்த என் அத்தாவுக்கு அது என்னைவிட அதிகமாக இருந்தது. "ஊரே தூங்கி எழுந்திரிக்குது, அதுக்கு நீ எதுக்குடா தூங்க வைக்கணும்?" என்று கடைக்கு வருகிறவர்கள் முன்னால் கேட்டு மானத்தை வாங்குவார்.

என்னை மறக்காத நோயாளி என்று எனக்கு ஒரே ஒருவர்தான். அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

நாக்கை ஒதுக்கி, மூச்சு விடுவதற்கான குழாயைத் தொண்டைக்குள் இறக்கும்போது ரத்த அழுத்தம் எகிறும் என்பது உங்களுக்குத் தெரியும். நோயாளி மயக்கத்தில்தான் இருப்பார், ஆனால் உடம்பு ஒப்புக்கொள்ளாது. நல்ல இதயம் அதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே கொதிப்பு உள்ளவருக்கு அந்தச் சில நொடிகளில் மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கலாம், இதயம் தாளம் தப்பலாம். இன்று உங்களிடம் அதை அடக்க வகைவகையான மருந்துகள் இருக்கின்றன, ஒவ்வொரு துடிப்பையும் காட்டும் திரைகள் இருக்கின்றன. அன்று எங்களிடம் கையில் சுற்றும் பட்டை, பாதரசக் குழாய், காதில் மாட்டும் குழல், இவ்வளவுதான். அதனால் அறுவைக்கு முன்பே வார்டில் வைத்துப் போடும் தூக்க ஊசியைத்தான் பெரிதும் நம்பினோம். முன்மருந்து என்போம். நோயாளி பாதித் தூக்கத்தில், பயம் தெளிந்து ஆபரேஷன் தியேட்டருக்கு வந்தால் குழாய் இறங்கும்போது அழுத்தம் அவ்வளவாகத் துள்ளாது. முன்மருந்து பிடிக்கவில்லை என்றால் பாதிப் போரில் தோற்றுவிட்டுத்தான் உள்ளே நுழைகிறோம்.

மலாயா சுதந்திரம் வாங்கப்போகும் ஆண்டு அது. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி மலாக்காவில் சின்னது, இப்போது அது இல்லை, பெயரும் வேண்டாம். எங்கள் பெரிய டாக்டர் வெள்ளைக்காரர், கழுத்து அறுவையில் கைதேர்ந்தவர். மூட்டை கட்டிவிட்டார், கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அவர் போய்விட்டால் அந்த அறுவையைச் செய்ய எங்களிடம் ஆள் கிடையாது. அந்தச் சமயத்தில்தான் பக்கத்துக் குடியிருப்பான காஜா பெராங்கிலிருந்து மீனாச்சி வந்து சேர்ந்தார்.

அவர் மலாக்காச் செட்டிச் சமூகத்துப் பெண்; பல தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து மலாய் வாழ்க்கையோடு கலந்துவிட்டவர்கள். பெயர் மீனாச்சி, கும்பிடுவது மாரியம்மனை, கட்டுவது மலாய்ப் பெண்களைப் போலச் சாரோங்கும் கெபாயா என்ற மேல்சட்டையும், பேசுவது மலாய். நான் தமிழில் பேசினால் மரியாதைக்காகச் சிரித்துவிட்டு மலாயில் பதில் சொல்வார். அதனால் நாங்கள் பேசியதெல்லாம் மலாயில்தான், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். கணவர் இல்லை. வீட்டில் பலகாரம் செய்து விற்று இரண்டு பெண்களைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் பெரிய கட்டி. அது மூச்சுக்குழாயை ஒரு பக்கமாக நெருக்கியதால் மல்லாந்து படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்குவார். போதாததற்கு ரத்தக்கொதிப்பு வேறு. தைராய்டு சுரப்பியின் ஆட்டத்தை மருந்து கொடுத்து ஓரளவு அடக்கி வைத்திருந்தோம். கொதிப்பு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

இந்த மாதிரி நோயாளிகளுக்குப் பெரிய டாக்டரிடம் ஒரு பழைய முறை இருந்தது. அறுவை என்றைக்கு என்று நோயாளிக்குச் சொல்லமாட்டார். தினமும் காலையில் ஓர் ஊசி போட்டு, தள்ளுவண்டியில் படுக்க வைத்து, தியேட்டர் வாசல் வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவோம். அந்த ஊசியில் இருப்பது வெறும் உப்புநீர். நோயாளிக்கு இது பழகிப்போகும். பிறகு ஒருநாள் உப்புநீருக்குப் பதிலாக நிஜ மருந்து போகும். அவர் அது தெரியாமலே தூங்கிப்போய், அறுவை முடிந்துதான் விழிப்பார். பயப்படுவதற்கே நேரம் கொடுக்காத முறை அது. கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. பலருக்கு அது நன்றாகவே பலித்திருக்கிறது.

மீனாச்சிக்குப் பலிக்கவில்லை.

நிஜ ஊசி போட்ட காலையில் வார்டு நர்ஸ் ஞானம் என்னைத் தேடி வந்தார். ரப்பர் தோட்டத்திலிருந்து படித்து வந்தவர், என்னைவிட அனுபவசாலி, வாய் கொஞ்சம் நீளம்.

"டாக்டர், அந்தம்மா தூங்கல. கண்ண முழிச்சிக்கிட்டு சுவரையே பாக்குது. ஊசியில மருந்து இருந்துச்சா, இல்ல நீங்களும் தண்ணியத்தான் போட்டீங்களா?"

போய்ப் பார்த்தேன். மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. நாக்கு குழறியது, இமை கனத்தது. ஆனால் இமை விழப்போகும் ஒவ்வொரு தடவையும் அவர் வெடுக்கென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அழுத்தம் பார்க்கலாம் என்று கெபாயாவின் கையை மேலே தள்ளினேன். முழங்கைக்கு உட்பக்கம் முழுக்க நகம் பதிந்த நீலத் தழும்புகள். சில புதியவை, சில பழையவை. தினமும் காலையில் ஊசி போட்டதும் தூங்கிவிடக் கூடாது என்று தன்னைத்தானே கிள்ளிக்கொண்டிருக்கிறார். உப்புநீர் போட்ட நாட்களில் கூட. பட்டையைச் சுற்றிப் பார்த்தால் பாதரசம் நான் எதிர்பார்த்ததைவிட வெகு மேலே நின்றது.

தியேட்டருக்குப் போய் இன்றைக்கு ஆரம்பிக்க முடியாது என்றேன்.

பெரிய டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். "அளவைக் கூட்டிப் போடு" என்றார்.

"கூட்டினால் தூங்குவார் சார். ஆனால் மூச்சுக்குழாய் பாதி அடைத்திருக்கிறது. நான் குழாயை இறக்குவதற்கு முன்பே வார்டிலேயே மூச்சு நின்றுபோகும்."

"கூட்டாவிட்டால்?"

"குழாய் இறங்கும்போது அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று என்னால் சொல்ல முடியாது."

தண்ணீரை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோபக்காரர் அல்ல, ஆனால் நேரம் இல்லாதவர். வியாழக்கிழமை கடைசி, அதற்குள் ஒரு வழி கண்டுபிடி, இல்லையென்றால் அந்த அம்மாளைக் கோலாலம்பூருக்கு அனுப்பிவிடு என்றார். அந்தக் கழுத்தை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் காரில் அனுப்புவது எப்படி இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். போகமாட்டேன் என்று மீனாச்சி முன்பே சொல்லிவிட்டிருந்தார்.

மாலையில் மருந்தின் மந்தம் விலகிய பிறகு அவர் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கைத்தழும்பைக் காட்டி ஏன் என்றேன். அவர் நேரே பதில் சொல்லவில்லை. "இன்னைக்கு ஊசியில என்ன இருந்துச்சு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், "ஜாங்கான் போஹோங், டொக்டோர்" என்றார். பொய் சொல்லாதே என்று அர்த்தம். குரல் கட்டிக்குள் சிக்கிக் கரகரத்தது. "எதிர்க் கட்டில்ல இருந்த கிழவி என்கிட்ட சொல்லிட்டுத்தான் வீட்டுக்குப் போனா. இங்க தண்ணி ஊசியா போட்டுக்கிட்டே இருப்பாங்க, ஒருநாள் சொல்லாம கொண்டுபோயிடுவாங்கன்னு. நான் தூங்கினா அன்னைக்குத்தான் அந்த நாள். எப்படித் தூங்குவேன்?"

எனக்குச் சுருக்கென்றது. நோயாளி பயப்படக் கூடாது என்று நாங்கள் செய்த ஏற்பாடுதான் அவரைத் தினமும் காலையில் பயத்தில் கண்விழிக்க வைத்திருக்கிறது. பாதரசத்தை மேலே ஏற்றியது கட்டி மட்டுமல்ல, நாங்களும்தான். புத்தகத்தில் இருக்கும் முறை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது எதிரே இருக்கும் ஆளுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள் என உங்களிடம் அடிக்கடி நச்சரிப்பதற்கு இதுதான் காரணம்.

சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை காலை. அதுவரை எந்த ஊசியும் கிடையாது. அன்று போடப்போவது நிஜ மருந்து, போடுகிறவன் நான், போடும்போது இதுதான் என்று சொல்லித்தான் போடுவேன். பெரிய டாக்டரைக் கேட்காமல் சொன்னேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்.

மீனாச்சி போர்வையை ஒதுக்கி நிமிர்ந்தார். "அப்படின்னா அதுக்குள்ள அக்காவைப் பாக்கணும்" என்றார்.

விஷயம் இதுதான். செட்டிகள் ஆண்டுக்கு இரண்டு தடவை இறந்துபோன முன்னோர்களுக்குப் படையல் போடுவார்கள். பொங்கலுக்கு முன்னால் ஒன்று, பழப் பருவத்தில் ஒன்று. இந்தக் குடும்பத்தில் அம்மா இருந்தவரை அம்மா வீட்டில் நடந்தது. அம்மா போன பிறகு, "மூத்தவள் நான், என் வீட்டில்தான்" என்றார் அக்கா கமலா. "கடைசிவரை அம்மாவைப் பார்த்துக்கொண்டது நான், அதனால் என் வீட்டில்தான்" என்றார் மீனாச்சி. இரண்டு வீட்டிலும் தனித்தனியாகப் படையல் போட்டார்கள். இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு பேச்சை நிறுத்திவிட்டார்கள். பெரிய காரியத்துக்குப் போகுமுன் இளையவர்கள் மூத்தவர் முன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டு ஆசி வாங்குவது அவர்கள் வழக்கம். அதை வாங்காமல் கண்ணை மூடி, மூடியபடியே போய்விட்டால் பெண்கள் இரண்டையும் யார் சேர்த்துக்கொள்வார்கள் என்பதுதான் மீனாச்சியின் பயம். கத்தியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் மதியம் சைக்கிளை எடுத்துக்கொண்டு காஜா பெராங் போனேன். வாசலில் மாவிலைத் தோரணம் கட்டிய தாழ்வான வீடு. அக்கா கமலா முன்கூடத்தில் மங்குஸ்தான் பழங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். படையல் நெருங்கிவிட்டது. என்னை உட்காரச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். நான் சொன்னதை முழுதும் கேட்டார், கை மட்டும் நிற்கவில்லை.

"அவதான் வரணும். நான் மூத்தவ" என்றார்.

"அவங்களால நடக்க முடியாது. படுக்கவே முடியல."

"நடக்க முடிஞ்ச காலத்துல வந்தாளா? மூத்தவ போயி இளையவ வாசல்ல நின்னா நாளைக்கு இந்தத் தெருவுல என்னை யாரு மதிப்பா? எங்க அம்மாவே ஒத்துக்கமாட்டா."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஒரு உயிர் ஊசலாடுகிறது, இவர் வாசல் கணக்குப் பார்க்கிறாரே என்று. ஆனால் எரிச்சலைக் காட்டினால் வந்த காரியம் கெட்டுவிடும். ஜவுளிக்கடைக்காரர் மகன் நான், விலை படியாதபோது வேறு துணியை விரிக்கத் தெரியும்.

"நான் உங்களைத் தங்கச்சி வாசலுக்குக் கூப்பிடலையே" என்றேன். "ஆஸ்பத்திரி அவங்க வீடு இல்ல. உங்க வீடும் இல்ல. அது யாரு வீடும் இல்ல."

 அடிபட்ட பழம் ஒன்றை எடுத்துத் தனியே வைத்தார். வியாழக்கிழமை காலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

புதன்கிழமை பார்வையாளர் நேரத்தில் மீனாச்சி கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் இரண்டும் வந்தார்கள். அக்கா வரவில்லை.

வியாழன் காலை மருந்தை ஊசியில் எடுத்துக்கொண்டு போனேன். முன்மருந்து ஊறுவதற்கு நேரம் வேண்டும், தாமதித்தால் பலன் இல்லை. பட்டையைச் சுற்றினேன். பாதரசம் அன்றைக்கு நின்ற உயரத்திலேயே நின்றது. "கொஞ்சம் பொறுங்க, டாக்டர்" என்றார் மீனாச்சி. அதே சமயம் தியேட்டரிலிருந்து ஆள் வந்து, பெரிய டாக்டர் தயார் என்றான்.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். நேரத்துக்குப் போட்டிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் அவர் மறுபடியும் மருந்தோடு மல்லுக்கட்டப்போகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. வீணாகப் போகும் மருந்தைப் போட்டுவிட்டு, கூடுதலாகவும் போட முடியாமல் நிற்பதைவிடக் காத்திருப்பதே மேல். கமலா வருவார் என்று எனக்கு எந்த உறுதியும் இல்லை.  ஊசியை மூடித் தட்டில் வைத்துவிட்டுத் தியேட்டருக்குப் போய், பட்டியலில் அடுத்து இருக்கும் குடலிறக்கக்காரரை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள் சார், அவருக்கு முதுகில் மரத்துப்போகும் மருந்து போட்டுத் தருகிறேன் என்றேன்.

பெரிய டாக்டர் பல்லைக் கடித்தார். "இரண்டாவதாக எடுக்கும்போது அவள் அழுத்தம் குறையாமல் இருந்தால்?"

"நானே கோலாலம்பூருக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்."

முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். குடலிறக்கம் முடிந்து காயத்துக்குத் தையல் போடும்போது ஞானம் கதவருகே வந்து, வரச் சொல்லித் தலையை ஆட்டினார். 

வார்டுக்கு ஓடினேன். அக்கா கமலா நல்ல கெபாயா உடுத்தி, கையில் ஒரு கூடையோடு கட்டிலிலிருந்து எட்டி நின்றுகொண்டிருந்தார். யாருக்கும் முகம் கொடுக்காமல், "ஆஸ்பத்திரி யாரு வீடும் இல்லைன்னு அந்த டாக்டர்தான் சொன்னாரு" என்று பொதுவாக அறிவித்தார். மீனாச்சி கட்டிலிலிருந்து இறங்கினார். வேண்டாம் என்று தடுக்கக் கையை நீட்டிய ஞானத்தை நான் பிடித்து நிறுத்தினேன். மீனாச்சி மூச்சு இழுக்க இழுக்கச் சிமெண்ட் தரையில் மண்டியிட்டு அக்காவின் இரண்டு கைகளையும் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா சொன்னது கேட்டது.

"பிள்ளைங்க ராத்திரியே நம்ம வீட்டுக்கு வந்துட்டாங்க. எழுந்திரு."

நாங்கள் தூக்கி உட்கார வைத்தோம். நான் ஊசியை எடுத்து, "இது நிஜ மருந்து, இதில் தூக்கம் வரும்" என்றேன். மீனாச்சி கையை நீட்டினார். திரையை இழுத்துவிட்டு அக்காவைக் கட்டிலருகே உட்கார வைத்தேன். யாரும் பேசக் கூடாது என்றேன். அக்கா தங்கையின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார், அந்தத் தழும்புள்ள கையை. மறுபடி நான் வந்து பார்த்தபோது மீனாச்சி தலையணைகளில் சாய்ந்து வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அதே மருந்து, அதே அளவு. பாதரசம் இறங்கியிருந்தது.

தியேட்டருக்குக் கொண்டுபோனோம். மயக்கம் கொடுத்து, நெருங்கிக் கிடந்த வழியைக் கண்டுபிடித்துக் குழாயை இறக்கினேன். வார்டிலிருந்து கூடவே வந்திருந்த ஞானம் பாதரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏறுது டாக்டர்" என்றார். பிறகு, "நின்னுடுச்சு." சற்றுப் பொறுத்து, "இறங்குது." என் தொழில் வாழ்க்கையில் அதைவிட இனிமையான ஒரு சொல்லைக் கேட்டதில்லை. பெரிய டாக்டர் கத்தியை வாங்கிக்கொண்டார். முடிந்து கையுறையைக் கழற்றும்போது, "எவ்வளவு கூட்டினாய்?" என்று கேட்டார். கூட்டவில்லை என்றேன். அவர் நம்பவில்லை என்று நினைக்கிறேன். அடுத்த வாரம் கப்பலேறிவிட்டார்.

முன்மருந்து என்பது ஊசியில் இருப்பது மட்டும் இல்லை என்று நான் உங்களிடம் சொன்னால், கிழவன் வகுப்பெடுக்கிறான் என்பீர்கள். அதனால் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆண்டுப் பழப் படையல் தள்ளிப்போய் நடந்தது. எனக்கும் அழைப்பு வந்தது. அக்கா வீட்டில்தான். ஆனால் அம்மாவின் பழைய பித்தளைத் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனது மீனாச்சி. கழுத்தில் தையல் தெரியாமல் மெல்லிய துணி சுற்றியிருந்தார். படையலுக்கு எதிரே சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். நான் வாசல் பக்கமே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரு சங்கடம் உறுத்திக்கொண்டிருந்தது. படைத்த பழத்தைக் கொடுப்பார்கள். நான் முஸ்லிம், படைத்ததைச் சாப்பிடமாட்டேன். வேண்டாம் என்றால் மனம் நோகும். சத்தமில்லாமல் நழுவிவிடலாமா என்று செருப்பைக் காலால் தேடிக்கொண்டிருந்தபோது மீனாச்சி ஒரு தட்டோடு வந்து நின்றார். மங்குஸ்தானும் உரித்த டுரியான் சுளைகளும்.

"இது படைச்சது இல்ல, டாக்டர்" என்றார். குரலில் கரகரப்பு போயிருந்தது. "காலையிலேயே உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சது. கத்தியும் வேற, தட்டும் வேற."

"நான் கேட்கலையே" என்றேன்.

"நீங்க கேட்கமாட்டீங்க" என்றார். "தட்டுல என்ன இருக்குன்னு நான்தானே சொல்லணும்."

தேடி எடுத்த செருப்பை மறுபடி ஓரமாகத் தள்ளிவிட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, தட்டை வாங்கிக்கொண்டேன்.